ஆயுஷ்மான் கார்டு இருந்தும் ஸ்கேனுக்குப் பணம் கேட்பது ஏன்?

மூன்று மாதமாக முதுகுவலி. டாக்டர் பார்த்துவிட்டு எம்ஆர்ஐ எழுதிக் கொடுக்கிறார். வீட்டில் ஆயுஷ்மான் கார்டு இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை இலவசம் என்பதும் தெரியும். ஆனால் ஸ்கேன் சென்டரில் "இந்தக் கார்டு இங்கே செல்லாது" என்கிறார்கள். அடுத்த சென்டரிலும் அதே பதில்தான்.

வேண்டுமென்றே மறுக்கிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் காரணம் அதுவல்ல. திட்டத்தின் விதிகளிலேயே தனி ஸ்கேன் சென்டருக்கு இடம் கிடையாது.

கார்டு எதற்குச் செல்லும்?

பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனா 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், விரிவாக்கப்பட்டது. கார்டு யாருக்கு என்பது மாறியது. எதற்கு என்பது மாறவில்லை. இது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிறவர்களுக்கான காப்பீடு.

அட்மிட் ஆவதற்கு முந்தைய 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவுகளும் இதில் அடங்கும், பரிசோதனைகள் உட்பட. ஆனால் புறநோயாளி சிகிச்சை கிடையாது. நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் எடுக்கும் பரிசோதனையும் கிடையாது.

அதாவது, எம்ஆர்ஐ எடுத்து, 'ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரை போதும்' என்று டாக்டர் சொன்னால் அது நல்ல செய்திதான். ஆனால் ஸ்கேன் செலவு முழுக்க நோயாளியின் தலையில் விழும்.

ரேடியாலஜிஸ்ட் பட்டியலில் ஏன் இல்லை?

இந்தத் திட்டத்தில் சேரும் மருத்துவமனைக்குப் பொதுவாகக் குறைந்தது 10 உள்நோயாளிப் படுக்கைகள் இருக்க வேண்டும். சில தனித்துறை மருத்துவமனைகளுக்கு மட்டும் தளர்வு உண்டு. ஸ்கேன் சென்டரில் மெஷின் இருக்கும், ரேடியாலஜிஸ்ட் இருப்பார், நோயாளியைப் படுக்க வைக்கும் வார்டு இருக்காது. எனவே விரும்பினாலும் அவர்களால் சேர முடியாது.

திட்டத்தின் சிகிச்சைப் பட்டியல் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் 'ரேடியாலஜி' என்று தேடினால் நரம்பியல் சார்ந்த இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி வரும், புற்றுநோய்க்கான கதிரியக்க சிகிச்சையும் வரும். இரண்டுமே சிகிச்சைத் துறைகள். படம் எடுத்து நோயைக் கண்டுபிடிக்கும் ரேடியாலஜி தனித் துறையாக அதில் இல்லை. அட்மிட் ஆன நோயாளிக்கு எடுக்கும் ஸ்கேனுக்கான பணம், பெரும்பாலும் அந்தச் சிகிச்சைக்கான பேக்கேஜ் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும்.

முட்டிக்கொள்ளும் இடம் எது?

பித்தப்பைக் கல் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். முன் அனுமதி கேட்கும்போது மருத்துவமனை அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். ரிப்போர்ட் இருந்தால்தான் அனுமதி. அனுமதி வந்து அட்மிட் ஆனால்தான் காப்பீடு. அப்படியென்றால் அந்த முதல் ஸ்கேனை யார் காசில் எடுப்பது?

முந்தைய 3 நாள் என்ற விதி இதற்குத்தான் என்று சொல்லலாம். ஆனால் ஸ்கேன் எடுத்த மூன்றே நாளில் ஆபரேஷன் தேதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இரண்டு வாரம் தள்ளிப் போனால் அந்த ஸ்கேன் விதிக்கு வெளியே போய்விடும்.

மருத்துவமனையின் கணக்கும் இதில் இருக்கிறது. பேக்கேஜ் ஒரே தொகை என்பதால், உள்ளே எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனும் அவர்களுக்குச் செலவு. "வெளியில் எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொன்னால் மிச்சம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை இப்படிப்பட்ட ஒன்றைப் பதிவு செய்தது: ஹிமாச்சலப் பிரதேசத்தில் 5 மருத்துவமனைகளில் 50 பயனாளிகள் பரிசோதனைகளை வெளியே எடுத்து, செலவைத் தாங்களே ஏற்றிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான வழியும் நடக்கிறது. ஸ்கேனுக்காகவே நோயாளியை அட்மிட் போடுவது. திட்டத்தின் விதிகளில் இது மோசடி. யாராவது இப்படி யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஈஎஸ்ஐ, சிஜிஹெச்எஸ் எப்படி?

இந்த இரண்டிலும் கதை வேறு. சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் புறநோயாளி சிகிச்சையும் பரிசோதனையும் உங்கள் உரிமை. ஈஎஸ்ஐ டாக்டர் பரிந்துரைத்தால், அவர்களிடம் மெஷின் இல்லாதபோது ஒப்பந்தம் உள்ள சென்டருக்கு அனுப்புவார்கள். மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்கான சிஜிஹெச்எஸ் திட்டத்தில் ஸ்கேன் சென்டர்களுக்கென்றே நகரவாரியாகத் தனிப் பட்டியல் இருக்கிறது. மாநில அளவிலும் முன்னுதாரணம் உண்டு. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நோயறியும் பரிசோதனைகள் தனி இனமாகவே சேர்க்கப்பட்டுள்ளன.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

முதலில் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டம் 2015 முதல் இருக்கிறது. அதன்படி மாவட்ட மருத்துவமனையில் 134 வகைப் பரிசோதனைகள் கிடைக்க வேண்டும். சிடி ஸ்கேனும் இந்தத் திட்டத்தில் உண்டு. இதற்குக் காப்பீட்டுக் கார்டே தேவையில்லை. ஸ்கேன் தேதியை மட்டும் கேட்காமல், ரிப்போர்ட் என்றைக்கு வரும் என்றும் கேளுங்கள். பல இடங்களில் படம் இங்கே எடுக்கப்பட்டு, வேறு ஊரில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் அதைப் படித்து ரிப்போர்ட் அனுப்புகிறார்.

ஆபரேஷன் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வெளியே ஸ்கேன் எடுப்பதற்கு முன் திட்டத்தில் உள்ள மருத்துவமனையின் ஆரோக்ய மித்ரா கவுன்டரில் பேசுங்கள். "அட்மிஷனுக்கு முந்தைய 3 நாளுக்குள் இங்கேயே எடுக்க முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். நீங்கள் பணம் கட்டி, பிறகு திரும்ப வாங்கலாம் என்று நம்பாதீர்கள். இது ரொக்கமில்லா சிகிச்சைக்கான திட்டம்.

அட்மிட் ஆன பிறகும் ஸ்கேனுக்குப் பணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு 14555 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

மாற்றுவது கஷ்டமா?

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2014-15இல் 62.6 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதம் என்கிறது அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு. குறைந்திருப்பது உண்மை. மீதமிருப்பதில் பெரும்பகுதி அட்மிஷனுக்கு வெளியே, மருந்துக்கும் பரிசோதனைக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் போகிறது.

ஸ்கேன் சென்டர்களைத் திட்டத்தில் சேர்த்தால் தேவையில்லாத எம்ஆர்ஐகள் பெருகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அரசு டாக்டரின் பரிந்துரை இருந்தால் மட்டும், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் என்று வரையறுக்கலாம். ஈஎஸ்ஐயும் சிஜிஹெச்எஸ்ஸும் பல ஆண்டுகளாகப் பரிந்துரையை வைத்துத்தான் இதை நடத்துகின்றன. மாதச் சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் இந்த ஏற்பாடு கூலி வேலை செய்பவருக்கு இல்லை. அவர் ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார். கட்டி பெரிதான பிறகு வந்து அட்மிட் ஆகிறார். அப்போது கார்டு செல்லும்.