சுற்றுகிறது, பற்றவில்லை

மார்கழி மாதத்து விடியற்காலை. இரவு முழுவதும் பெய்த மழை அப்பொழுதுதான் ஓய்ந்திருக்கிறது. அயல் வீட்டு முற்றத்திலே பழைய காரொன்றின் ஓலம் தொடங்குகிறது. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. மீண்டும் சுற்றுகிறது. முதலிலே உரத்து ஒலித்த ஓசை சிறிது சிறிதாகத் தளர்ந்து, முனகலாகித் தேய்ந்து, ஈற்றில் ஒரு 'டக்' என்ற சத்தத்துடன் அடங்கிவிடுகிறது. பரீட்சைக்குச் செல்ல வேண்டிய பிள்ளை புத்தகப் பையுடன் படலையைத் திறந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறது.

பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தார் யாவரும் அறிந்த காட்சி இது. 1948ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரும், அதன் சமகாலத்து ஒஸ்ரின் கார்களும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே இன்றும் ஓடுகின்றன. 1977ஆம் ஆண்டு வரையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், பின்னர் வந்த யுத்த காலமும், இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டும் வித்தையை எம்மவர்க்குக் கற்பித்தன. ஆயினும் அவசர வேளையில் அவ்வித்தை மறந்துபோகிறது. கை திறப்பை விட மறுக்கிறது.

எஞ்சின் சுற்றுவது நல்ல செய்தியே. பற்றரியும் ஸ்டார்ட்டரும் பழுதில்லை என்பது அதனால் விளங்கும். அந்த நல்ல செய்தியை நாமே கெடுத்துவிடுகிறோம். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகப் பெரிது; அவ்வேளையில் பற்றரியின் அழுத்தம் தாழ்ந்துவிடும். பொறியை உண்டாக்கும் கொயிலும் அதே பற்றரியைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே பற்றரி தளரத் தளரப் பொறியும் தளர்கிறது. முதல் தடவை பற்றாத எஞ்சின் பத்தாம் தடவை பற்றுவது இன்னும் அரிதாகிறது. ஒரு தடவைக்குப் பத்து விநாடி, பின்பு ஒரு நிமிட ஓய்வு. இவ்வாறு மூன்று தடவை முயன்றும் பயனில்லையெனில் இறங்கிப் பொனற்றைத் திறக்க வேண்டியதுதான்.

திறந்ததும் எதையாவது கழற்றத் தோன்றும். கழற்றலாம், ஆனால் முதலில் ஒரு பிளக்கை மாத்திரம். எஞ்சின் பற்றுவதற்குப் பெற்றோலும் வேண்டும், பொறியும் வேண்டும். இரண்டில் எது வரவில்லை என்பதற்குப் பிளக்கே சாட்சி. அதன் முனை உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. நனைந்து பெற்றோல் மணத்தால், வந்த பெற்றோலைப் பொறி கொளுத்தவில்லை, அல்லது அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டது. எமது வெப்ப நாட்டிலே, சூடான எஞ்சினுக்கும் சோக்கை இழுத்துவிட்டுப் பிளக்கை நனைப்போர் பலர். அப்படியானால் சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலறேற்றரை முற்றாக மிதித்தபடி ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாம்.

பிளக் உலர்ந்திருந்தால், மொறிஸ் மைனரிலே திறப்பைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்கள். மின்சாரப் பெற்றோல் பம்ப் சில தடவை 'டிக் டிக்' என்று ஒலித்து ஓயவேண்டும். ஒலியே இல்லையெனில் பம்பை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட தொடுமுனை விடுபடக்கூடும். ஓயாது ஒலித்துக்கொண்டேயிருந்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாயிலே எங்கோ காற்று நுழைகிறது. ஒஸ்ரின் ஏ-40 இலே பம்பை எஞ்சினே இயக்குவதால் இந்த ஒலி இராது.

இவ்விடத்தில் ஒரு பழைய பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1990ஆம் ஆண்டு தொடங்கிய தடைக் காலத்திலே பெற்றோல் கிடையாமையால் எமது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவர். வேறு வழியற்ற காலம் அது. இப்பொழுதும் கார் பற்றாவிட்டால் போத்தலைத் தேடும் கைகள் உள்ளன. எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் காபரேற்றரின் வாயிலிருந்து சுவாலை வெளிவரும். அப்பொழுது போத்தல் கையிலிருந்தால் நேர்வதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களையேனும் தூரத்தில் நிறுத்துங்கள்.

பிளக் நனைந்திருந்தால் பொறியைத் தேட வேண்டும். கழற்றிய பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு, உதிரிப் பிளக் ஒன்றை அந்தக் கம்பியிலே செருகி, அதன் உலோக உடல் எஞ்சினில் படும்படி, காபரேற்றருக்கு எட்ட, உலர்ந்த துணியால் பிடித்துக்கொண்டு ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். நீல நிறத்தில் உறுதியான பொறி பாயவேண்டும். மஞ்சளாய் மெலிந்திருந்தால் பொயின்ற் அல்லது கொண்டென்சர் மீது சந்தேகம் கொள்ளலாம். பொயின்ற்றின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை. வழியிலே அளவுகோல் இல்லாவிடில் ஒரு விசிற்றிங் கார்ட் ஏறக்குறைய அந்தக் கனம்தான். மழைநாளாயின் டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதுமாயிருக்கும். நான்கு கம்பிகளையும் ஒருங்கே கழற்றாதீர்கள். எரியும் ஒழுங்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. மாறிப் பூட்டினால் உள்ள நோயுடன் புதுநோயும் சேரும்.

இவ்வளவும் அறிந்தவர்போல எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு எமது அம்மாவுக்கு இழுப்புக் கண்டது. கார் சுற்றியது, பற்றவில்லை. முதல்நாள் கானிலிருந்து ஊற்றிய பெற்றோலிலே தண்ணீர் கலந்திருக்கும் என்று நாமே தீர்மானித்து, டோர்ச் வெளிச்சத்திலே காபரேற்றரைக் கழற்றித் துடைத்தோம். பூட்டினோம், சுற்றினோம், பற்றரி செத்தது. அடுத்த ஒழுங்கையிலிருந்து முச்சக்கரவண்டியை அழைத்துவர அரைமணி நேரம் சென்றது. அம்மா எதுவும் பேசாமல் விறாந்தையிலே குந்தியிருந்து மூச்சுக்குப் போராடிய அந்த அரைமணியை நாம் மறக்கவில்லை. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் தெளிந்தார்.

மறுநாள் வந்த மெக்கானிக், "ஐயா, பெற்றோலைக் குறை சொல்லாதேயுங்கோ. பிளக்கைக் கழட்டிப் பார்த்தனீங்களோ?" என்றார். பார்க்கவில்லை. அவர் கழற்றினார், நனைந்திருந்தது. டிஸ்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளேயிருந்த இரண்டங்குலக் கம்பியை இரு விரல்களால் மெல்ல இழுத்தார். உறை றப்பரைப்போல நீண்டது. வெளியே முழுமையாய்த் தோன்றிய கம்பி உள்ளே அறுந்திருந்தது. அக்சிலறேற்றரின் போக்குக்கேற்பப் பொயின்ற் பொருத்திய தட்டு சற்றே அசையும். ஒவ்வோர் அசைவிலும் மடிந்து மடிந்து நாளடைவில் அது அற்றுப்போவதுண்டாம். கால்மணி நேரத்திற்குள் வேலை முடிந்தது.

எமது காரின் முன் தட்டிலே இப்பொழுது ஒரு பழைய பிஸ்கற் தகரம் இருக்கிறது. அதிலே ஒரு பொயின்ற் சோடி, ஒரு கொண்டென்சர், ஒரு பிளக், உலர்ந்த துணி, ஒரு விசிற்றிங் கார்ட், இரண்டங்குலக் கம்பி ஆகியன உள்ளன. முச்சக்கரவண்டிக்காரரின் தொலைபேசி இலக்கத்தை அம்மா தாமே மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறார்.