நாலு சக்கரமும் சுத்துது, வண்டி ஏன் நகரல?

ஐப்பசி மழை புடிச்சா, போளூர் வழியா ஜமுனாமரத்தூர் போற ரோட்டுல ஜீப்பு மாதிரி வண்டிங்க வரிசை கட்டும். அதுல ஒண்ணு ரெண்டு ஏரி உள்வாயில எறங்கி மாட்டிக்கும். அப்புறம் எங்க டிராக்டரைத் தேடுவாங்க. "ஃபோர் வீல் டிரைவ்தானேண்ணா, எப்படி மாட்டுச்சு?" எல்லாரும் கேக்குற கேள்வி இது ஒண்ணுதான்.

இழுக்க வர்ற டிராக்டர் பெரும்பாலும் டூ வீல் டிரைவ்! முன்சக்கரம் திருப்பறதுக்கு மட்டும்தான். ஆனா குதிகால்கிட்ட ஒரு பெடல் இருக்கு, டிஃபரன்ஷியல் லாக். வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடணும், அதுக்காக வச்சதுதான் டிஃபரன்ஷியல். சேத்துல அதுவே வினையாயிடுது. வழுக்குற சக்கரம் சும்மா சுத்தும், பிடிப்புள்ளது நின்னுடும். முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு வழுக்கினா நாலு சக்கர வண்டியும் அவ்ளோதான். பெடலை மிதிச்சா ரெண்டு சக்கரமும் ஒரே அச்சா சேந்து சுத்தும். அப்படியே வளைக்க மட்டும் முடியாது, காலை எடுத்துட்டுத்தான் திருப்பணும்.

புது வண்டிங்கள்ல பிரேக்கை வச்சே சமாளிக்கிறாங்க. 2023-ல இங்க வந்த ஜிம்னி அப்படித்தான். சும்மா சுத்துற சக்கரத்தை கம்ப்யூட்டர் பிரேக் புடிக்கும், இழுவை அடுத்த சக்கரத்துக்குப் போகும். தார் ரோட்டுல தொந்தரவில்ல, பாறையிலும் நல்லா ஏறும். ஆனா சக்கரம் வழுக்கின பிறகுதான் அது முழிச்சிக்கும். களிமண்ணுல அதுக்குள்ள டயர் பள்ளம் தோண்டிடும். 'கரகர'ன்னு சத்தம் கேட்டதும் பயந்து ஆக்சிலேட்டரை வேற விட்டுடறாங்க. சீரா மிதிச்சிட்டே இருந்தாதான் அது வேலை செய்யும்.

என்னைக் கேட்டா, பின் அச்சுல மெக்கானிக்கல் லாக் இருக்கான்னு மொதல்ல பாருங்க, பெரிய திரையெல்லாம் அப்புறம். 2020 தார்ல சில மாடலுக்கு அது உண்டு. அதுவும் மந்திரமில்ல. ரோட்டு டயர்ல மண் அப்பி வழவழன்னு ஆயிட்டா எந்த லாக்கும் உதவாது. சேடை ஓட்ட நாங்களே கேஜ் வீல் மாட்டித்தான் எறங்குறோம்.

இன்னொண்ணு, வரப்புமேல ஏத்தாதீங்க. மாட்டின வண்டியை பத்து நிமிஷத்துல இழுத்துடலாம். ஒடஞ்ச வரப்பை அணைக்கிறதுக்குள்ள நட்ட வயல்ல தண்ணி மொத்தமும் வடிஞ்சிடும்.