பிளாஷுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி

எடுத்த எடுப்பிலேயே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. பிளாஷ் தலையில மாட்டற வெள்ளை பிளாஸ்டிக் தொப்பி இருக்கே, டிஃப்யூஸர்னு பேர் வச்சு விக்கறாங்களே, "இதைப் போட்டா வெளிச்சம் சாஃப்ட் ஆயிடும் சார்"னு கடைக்காரர் தலையில கட்டறாரே, அது பெரும்பாலும் வெட்டிச் செலவு. டெல்லி, மும்பைன்னு வந்து குடியேறி, வீட்டு விசேஷத்துக்கு நாமளே கேமராவைத் தூக்கிக்கிட்டு நிக்கற குடும்பங்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். ஏன்னா இதுல அதிகமா அடிபடறது நம்ம முகம்தான்.

வெளிச்சம் மென்மையா இருக்கா, கடுமையா இருக்காங்கறதைத் தீர்மானிக்கறது ஒரே விஷயம்: ஆள் நிக்கற இடத்துலேர்ந்து பார்த்தா விளக்கு எவ்வளவு பெருசாத் தெரியுது. சூரியனோட குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனா 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கறதால வானத்துல சின்ன வட்டமாத்தான் தெரியுது. அதனாலதான் உச்சி வெயில்ல மூக்குக்குக் கீழே கத்தியால வெட்டின மாதிரி நிழல் விழுது. மேகம் மூடினா அதே வெளிச்சம் வானம் பூராவும் பரவி வருது, நிழல் கரைஞ்சு போகுது. மேகம் வெள்ளையா இருக்கறதால இல்லை, பெருசா இருக்கறதால.

இப்ப நம்ம தொப்பிக்கு வாங்க. நான் காமர்ஸ் படிச்சவன், கணக்குப் போட்டாத்தான் மனசு ஆறும். பிளாஷ் தலை சுமாரா 7 செ.மீ.க்கு 4.5 செ.மீ. பரப்பு 30 சதுர செ.மீ. சொச்சம். தொப்பியை மாட்டினா ஒரு விரற்கடை கூடும், அவ்வளவுதான். அதைக் கழட்டி வச்சிட்டு பிளாஷைத் திருப்பி பக்கத்து வெள்ளைச் சுவர்ல அடிங்க. சுவர்ல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெளிச்சம் படுதுன்னு வச்சுக்குங்க. 10,000 சதுர செ.மீ. ஆச்சு. 300 மடங்குக்கு மேல! போட்ட முதல் ஒரு பைசா கிடையாது. எந்த ஃபிக்ஸட் டெபாசிட்டும் இந்த வட்டி தராது.

"அப்ப பெரிய பெரிய போட்டோகிராபர் எல்லாம் மாட்டறாங்களே?" மாட்டறாங்க. நிக்கான் 2008-ல எஸ்.பி.-900 பிளாஷை விட்டப்ப பெட்டிக்குள்ளேயே ஒரு தொப்பியும் வச்சுத்தான் கொடுத்தாங்க. அதோட வேலை வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதற விடறது. சின்ன அறை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரைன்னா சிதறினதெல்லாம் அதுல பட்டுத் திரும்பி வந்து முகத்துல விழும். ஆக, அங்கேயும் மென்மையாக்கினது சுவர், பேர் வாங்கினது தொப்பி. மொட்டை மாடியிலயும் பார்க்லயும் பெரிய ஆடிட்டோரியத்துலயும் அதே தொப்பியோட நின்னா, பக்கவாட்டுல போன வெளிச்சம் போனதுதான். பிளாஷ் ஒவ்வொரு தடவையும் முழு மூச்சா அடிச்சாகணும். அது மறுபடி சார்ஜ் ஆகறதுக்குள்ள தாலி ஏறிடும்.

சரி, இதுல நம்ம முகம் எங்கே வந்துச்சு?

தோல் மேல பட்ட வெளிச்சம் ரெண்டு விதமாத் திரும்புது. ஒரு பங்கு உள்ளே போய், தோலோட நிறத்தை வாங்கிக்கிட்டு வரும். இன்னொரு பங்கு மேலே இருக்கற எண்ணெய்ப் பசையிலயும் வேர்வையிலயும் பட்டு, கண்ணாடில பட்ட மாதிரி அப்படியே வெள்ளையாத் திரும்பிடும். வெளுத்த தோல்ல இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாத் தெரியாது. கறுத்த தோல்ல ஏணி வச்சாலும் எட்டாது. விளக்கு சின்னதா இருந்தா நெத்தி, மூக்கு நுனி, கன்னம்னு வெள்ளைத் திட்டு பளிச் பளிச்னு நிக்கும். தலைக்கு எண்ணெய் வச்சு, ஹோமப் புகையில வேர்த்து நிக்கற நம்ம அம்மாக்களை நினைச்சுப் பாருங்க. அதே முகத்துல சுவர் வெளிச்சம் பட்டா அந்தத் திட்டு எல்லாம் பரவி அடங்கிடும். எண்ணெய்க் காப்பு சாத்தின கல் சிலை மாதிரி ஒரு மெருகு நம்ம நிறத்துக்கு உண்டு. அது அப்பத்தான் வெளியே வரும்.

இது புரியாத ஆசாமி என்ன செய்யறார்? "கறுப்பா இருக்காங்க சார், அதான் சரியா வரலை"ன்னு பவரை ஏத்தறார். அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டு வெளுக்கறார். எங்கப்பாவோட எழுபதாம் கல்யாண ஆல்பம் வீட்ல இருக்கு. அம்மாவோட அரக்குப் புடவை அரக்காவே இருக்கு, மாலையில சம்பங்கி சம்பங்கியாவே இருக்கு. அப்பா மட்டும் கோதுமை மாவுல பிடிச்சு வச்ச மாதிரி இருக்கார். வாழ்நாள் பூரா வெயில்ல நடந்து சம்பாதிச்ச நிறம் அது. அதை அழிக்க யாரைக் கேட்டாங்க?

இந்த வியாதி நம்ம நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. பிரிண்ட் கலர் சரியா இருக்கான்னு பார்க்க கோடாக் கம்பெனி லேபுகளுக்குக் கொடுத்த 'ஷெர்லி கார்டு'ல பல வருஷம் வெள்ளைக்காரப் பொண்ணு படம்தான் இருந்தது. அந்த முகம் சரியா வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம்! கறுத்த தோலை உள்ளபடி காட்டறோம்னு கூகுள் பிக்சல் 6 போன்ல 'ரியல் டோன்' கொண்டு வந்ததே 2021-லதான். கம்பெனிக்காரங்க திருந்தறது இருக்கட்டும், பிளாஷைச் சுவர் பக்கம் திருப்ப நமக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

சும்மா திட்டிட்டுப் போறது நியாயம் இல்லை. என்ன வாங்கலாம், என்ன செய்யலாம்னும் சொல்லிடறேன்.

1. தொப்பிக்குப் போடற காசை பிளாஷ்ல போடுங்க. தலை மேலே மட்டும் இல்லாம, பக்கவாட்டிலயும் பின்னாலயும் திரும்பற பிளாஷா வாங்குங்க.

2. ஃபிளாட்ல கொலு, பொறந்த நாள், சீமந்தம்னா பக்கத்துச் சுவர்லயோ உங்க முதுகுக்குப் பின்னால இருக்கற சுவர்லயோ அடிங்க. ஆளோட தலைக்கு நேர் மேலே கூரையில அடிச்சா கண் குழி இருட்டிப் போகும். பச்சைப் பெயிண்ட் சுவர்ல அடிச்சா முகமும் பச்சையாத்தான் வரும், ஜாக்கிரதை.

3. ஸ்டேஷனரி கடைல கறுப்பு ஃபோம் ஷீட் ஒண்ணு வாங்கி, துண்டு வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு பிளாஷ் தலையில ஒரு பக்கம் கட்டிக்குங்க. நீல் வான் நீகெர்க்ங்கற போட்டோகிராபர் பிரபலப்படுத்தின உத்தி இது. பிளாஷ் நேரா முகத்துல படாது. பின்னால உட்கார்ந்திருக்கற மாமா கண்ணும் கூசாது.

4. "நூறு பேர் நடுவுல சுவரைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"ன்னு கேப்பீங்க. பெரிய மண்டபத்துல முதல்ல ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200-க்கு ஏத்துங்க. இன்னைக்கு இருக்கற கேமராக்கள் தாங்கும். தூரத்துச் சுவர்ல பட்டு வர்ற வெளிச்சம் கூடப் போதுமானதா ஆயிடும். கலர் ஷாமியானாவா இருந்தா, வளைக்கற மாதிரி பெரிய வெள்ளை அட்டையை பிளாஷ்ல கட்டிக்கிட்டு கிட்டப் போங்க.

5. பிளாஷ்ல மாட்டற குட்டி சாஃப்ட்பாக்ஸ் 15-க்கு 20 செ.மீ. இருந்தா 300 சதுர செ.மீ. தொப்பியை விடத் தேவலை. ஒரு மீட்டர்ல வச்சு முகம் எடுக்க உதவும். நாலு மீட்டர் தள்ளிப் போனா அதுவும் புள்ளிதான்.

6. வெயில்ல எடுக்கறப்ப எதுவுமே மாட்டாதீங்க. பிளாஷை ஒண்ணு, ஒண்ணரை ஸ்டாப் குறைச்சு நேரா அடிங்க. கண் குழியில இருக்கற நிழல் தெளியும், அது போதும்.

7. வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்து கேமரா ஏமாந்து பிளாஷைக் குறைச்சிடும், முகம் இருண்டு போகும். அந்த நேரத்துல கொஞ்சம் கூட்டுங்க. முகம் உள்ளபடி தெரியற அளவுக்குத்தான். வெளுக்கறதுக்கு இல்லை.

ஏன் இவ்வளவு கத்தறேன்னா, ஊர்லேர்ந்து அம்மா அப்பா நம்மகிட்ட வந்து இருக்கறது வருஷத்துல சில வாரம். நாளைக்குச் சுவர்ல மாலையோட தொங்கப் போற படம் ஸ்டுடியோல எடுத்ததா இருக்காது. பேத்தி கேக் வெட்டறப்ப, பக்கத்துல நின்னு சிரிச்ச பாட்டியை மட்டும் தனியா வெட்டி எடுத்த படமாத்தான் இருக்கும். அதைப் பார்த்து "இது யாரு?"ன்னு பேத்தி கேக்கக் கூடாது.

பி.கு.: தொப்பியை ஏற்கெனவே வாங்கிட்டவங்க தூக்கிப் போட வேண்டாம். வெள்ளையடிச்ச சின்ன அறையில, பிளாஷை மேலே பார்த்து நிமிர்த்தி வச்சு எடுங்க. சுவர் வேலை செய்யும். தொப்பி பேர் வாங்கிக்கட்டும், போகுது.