ஏரடியில் வளர்ந்த ஆங்கிலம்

ஆங்கிலம் என்றென்றும் அரியணையில் வீற்றிருந்த மொழி என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கூலியாள் வீட்டில் பேசும் மொழி கல்விக்கு உதவாது என்று அவர்கள் உரைப்பதும் அவ்வெண்ணத்தின் கிளையே. இங்கிலாந்தின் இடைக்கால வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் படித்தவர் இவ்வாறு பேசத் துணியார்.

ஆல்பிரட் மன்னன் காலத்தில் ஆங்கிலத்திற்கு ஏற்றம் இருந்தது உண்மையே. 1066ஆம் ஆண்டில் நார்மண்டித் தலைவன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்றான், அவ்வேற்றம் சரிந்தது. அதன்பின் மூன்று நூற்றாண்டுக் காலம் உயர்குடியினர் நாவில் பிரெஞ்சும் ஏடுகளில் இலத்தீனும் கோலோச்சின. 1086இல் நாட்டின் நிலபுலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏடும் இலத்தீனில் அமைந்ததே. ஆங்கிலம் எங்கே இருந்தது? கலப்பையின் பின்னே இருந்தது; அடுப்பங்கரையில் இருந்தது; தாலாட்டில் இருந்தது.

அதனைப் பேசியவனின் வாழ்வையும் காண்போம். நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவன் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பண்ணைத் தலைவனின் வயலில் கூலியின்றி உழைத்தான். மகளை மணம் செய்து கொடுக்கத் தலைவனுக்குப் பணம் கட்டினான். அவன் இறந்தால், தொழுவத்தில் இருந்த சிறந்த கால்நடை தலைவனைச் சேர்ந்தது. மண்சுவரும் வைக்கோல் கூரையும் நடுவே புகையும் அடுப்புமே அவன் வீடு. ரை, வாற்கோதுமை போன்ற தவசங்களின் முரட்டு ரொட்டியும், பட்டாணியும் அவரையும் இட்ட கஞ்சியும் அவன் உணவு. ஆங்கிலத்தில் மாட்டின் பெயர் வேறு, மாட்டிறைச்சியின் பெயர் வேறு. முன்னது உழவன் சொல், பின்னது பிரெஞ்சுச் சொல் என்று சுவைபடக் கூறுவர். அவ்வேறுபாடு முற்றும் உறுதிப்பட்டது மிகப் பிற்காலத்தில். ஆகவே அதனை மிகைப்படுத்தல் வேண்டா. மாட்டை மேய்த்தவன் கலத்தில் இறைச்சி அரிதாகவே விழுந்தது என்பது போதும்.

சமயமாவது அவன் மொழியை மதித்ததா? ஞாயிறுதோறும் அவன் கோயிலில் நின்றான். குருவானவர் பூசையை இலத்தீனில் நிகழ்த்தினார். சுவரில் தீட்டிய இறுதித் தீர்ப்பின் ஓவியமே அவன் கண்ட மறைநூல். அறிவுரை கூற ஆங்கிலம் ஆகுமாம். ஆண்டவனை வழிபட ஆகாதாம்! விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கு அளக்கும்போது மட்டும் அவன் மொழி யாருக்கும் இடையூறாகவில்லை. விக்ளிஃபும் அவரைச் சார்ந்தோரும் விவிலியத்தை ஆங்கிலத்தில் தர முனைந்தனர். தலைமைப் பேராயர் அரண்டல் 1409இல் இசைவு பெறாத மொழிபெயர்ப்பைத் தடை செய்தார். விக்ளிஃப் இறந்து நாற்பதாண்டுகள் கடந்தும் சினம் ஆறவில்லை; 1428இல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தனர்.

ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி இனித்தான் வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் தம் தாய்மொழியை விட்டுப் பிரெஞ்சில் பாடம் பயில வற்புறுத்தப்படுவதை ஹிக்டன் என்னும் துறவி தம் இலத்தீன் வரலாற்று நூலில் குறைகூறினார். அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜான் ட்ரெவீசா, 1385இல் அவ்விடத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தார். நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலானோரை மாய்த்த 1348-49ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் இந்நிலை மாறிவிட்டது என்றும், கார்ன்வால் ஜான் என்னும் இலக்கண ஆசிரியரே அம்மாற்றத்தைத் தொடங்கினார் என்றும் எழுதினார். மன்னன் அன்று, படைத்தலைவன் அன்று, ஒரு பள்ளி ஆசிரியர்! பிள்ளைகள் குறைந்த காலத்தில் இலக்கணம் கற்கின்றனர் என்பது ட்ரெவீசா கண்ட நன்மை. பிரெஞ்சு அறியாது போகின்றனர், கடல் கடந்து செல்வோர்க்கு அது தீங்கு என்பது அவர் கண்ட குறை. இன்றும் தாய்மொழிக் கல்விக்கு எதிராக எழுப்பப்படும் தடை இதுவே அன்றோ? அயல்மொழி வேண்டுமெனில் அதனை ஒரு பாடமாகச் செவ்வனே கற்பிக்கலாம். அதன் பொருட்டு எல்லாப் பாடங்களையும் அதன் வாயிலாகவே புகட்டுவது எந்த நெறியின்பாற்படும்?

கல்வியே பலருக்கு எட்டாக்கனியாக இருந்த காலம் அது. தலைவனின் இசைவின்றி மகனைப் பள்ளிக்கு அனுப்பிய குடியானவன் தண்டம் கட்டினான். கற்றவன் திருச்சபைப் பணியில் சேர்ந்தால் பண்ணைக்கு ஓர் ஆள் குறையும் என்பதே காரணம். 1381இல் உழவர் கிளர்ந்தெழுந்து பல ஊர்களில் பண்ணை ஏடுகளைத் தீயிலிட்டனர். தம்மை அடிமை என்று பதிந்து வைத்த ஏடுகள் அல்லவா அவை? பத்தாண்டுகள் கழிந்தபின், 1391இல், அடிமைக் குடியானவரின் பிள்ளைகள் பள்ளி செல்வதைத் தடுக்குமாறு நாடாளுமன்றப் பொதுமன்றத்தினர் மன்னன் இரண்டாம் ரிச்சர்டிடம் விண்ணப்பித்தனர். மன்னன் இசையவில்லை. 1406இல் எழுந்த சட்டம், எந்நிலையினராயினும் ஆணும் பெண்ணும் தம் மகனையோ மகளையோ விரும்பிய பள்ளியில் சேர்க்கலாம் என்று அறிவித்தது. அதுவும் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது.