பல்லுக்கெல்லாம் லீவு இல்லையாம்!



"பல்லு வலிக்கெல்லாம் லீவு குடுத்தா தோட்டத்த யாரு நடத்துறது?" பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டு ஒரு துரை இப்படிக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கூடையோடு நின்றவர்களில் சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பல் என்றால் நமக்கே சிரிப்பாகிவிட்டது.

காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் இரத்தம் தெரிகிறது. பல் வலிக்கு அப்படி ஓர் அத்தாட்சி கிடையாது, கன்னம் வீங்கும்வரை. அதனால் தோட்டத்துக் கணக்கில் கன்னம் வீங்காதவர் நோயாளி இல்லை, வேலைக்கு வராத ஆள். கன்னம் வீங்கிய பிறகோ அவர் அவசர நோயாளி. இந்த இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாள் இருக்கிறது. அந்த நாட்களில் ஒரு பல் டொக்டர் பார்த்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை அது. அந்த நாட்களை நம்மிடமிருந்து பறிப்பது யார்?

கணக்குப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பல் கிளினிக் காலையில் நடக்கிறது. காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். மேல் டிவிசனில் இருந்து றோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, டவுனுக்குப் போய்ச் சேரும்போது நம்பர் முடிந்திருக்கும். "நாளைக்கு வாங்க." மறுநாளும் போனால் இரண்டு பேர் போய்விட்டது. 2024இல் 1350 ரூபா வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை மாதம் கத்தினோம், எத்தனை தரம் றோட்டில் உட்கார்ந்தோம்! ஒரு கடைவாய்ப் பல் முழுதாக இரண்டு நாள் சம்பளத்தை விழுங்கிவிடுகிறது, பஸ் காசு வேறு. தனியார் பல் டொக்டரிடம் போகலாமே என்று சொல்லும் கனவான்கள் நம் சம்பளத் துண்டை ஒரு முறை வாங்கிப் பார்க்கட்டும்.

ஆகவே என்ன செய்கிறோம்? இரண்டு பெனடோல். கராம்பு எண்ணெய். பல் குழிக்குள் புகையிலையை அடக்குகிறோம். சாராயத்தில் நனைத்த பஞ்சு. டிஸ்பிரினை நொறுக்கி முரசில் வைத்து முரசையும் வேகவைத்துக்கொள்கிறோம். இரவெல்லாம் தூங்காமல் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறோம். கிலோ குறைந்தால் அரைப்பேர். வலியோடு வேலை செய்ததற்கு அபராதம்!

பல் வலி ஏன் இரவில் கூடுகிறது என்று என்னிடம் பிள்ளைகள் கேட்பார்கள். பல்லுக்குள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் இருக்கும் சிறிய அறை ஒன்று உண்டு. அதன் சுவர் எலும்பைவிடக் கெட்டி. உள்ளே வீங்கினால் விரிய இடமில்லை. படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுதலாக வந்து அழுத்தும். அதனால்தான் உட்கார்ந்தே விடிய வைக்கிறோம். பிறகு ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். "மாரியம்மா காப்பாத்திட்டா" என்று மலைக்குப் போய்விடுவோம். அந்த நிம்மதி ஏமாற்று நிம்மதி. பல்லுக்குள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கிறது. சீழ் வேர் வழியாகத் தாடைக்குள் இறங்க வழி தேடும். அதை அமொக்சிலின் குளிசை மட்டும் குணப்படுத்தாது. செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. சீழை வெளியேற்ற வேண்டும், பல்லைக் கழற்ற வேண்டும், அல்லது வேர் சிகிச்சை செய்ய வேண்டும். பக்கத்துக் காம்பராவில் மிச்சமிருந்த நாலு குளிசையை வாங்கி விழுங்குவது வீக்கத்தை இரண்டு நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

அப்படித் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தேன். என் பாடசாலையில் தரம் 7 படிக்கும் ஒரு பிள்ளையின் தாய், கொழுந்தெடுப்பவர், முப்பத்தாறு வயது. கீழ்க் கடைவாய்ப் பல். புதன்கிழமை தோட்ட டிஸ்பென்சரியில் குளிசை வாங்கினார். வியாழன் மலைக்குப் போனார், அரைப்பேர். வெள்ளி டவுனுக்குப் போனார். பல் டொக்டர் அன்று வேறு வைத்தியசாலையில் கடமையாம், திங்கள் வரச் சொன்னார்கள். சனிக்கிழமை இரவு வாய் திறக்கவில்லை. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல் மாதிரி வீக்கம். எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டு, மூச்சுக்காகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வாகனத்தைக் கேட்டு ஆள் ஓடினார். டிரைவர் வேண்டும், சாவி வேண்டும், சாவிக்கு அனுமதி வேண்டும், அனுமதி தருபவர் டவுனில் இருக்கிறார். கடைசியில் சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கு ஏறி ஒரு பையன் 1990ஐ அழைத்தான். அம்புலன்ஸ் பெரிய றோட்டு வரைக்கும் வந்தது. லயத்திலிருந்து றோட்டுக்கு நாலு பேர் கம்பளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கழுத்தில் வெட்டிச் சீழை எடுத்தார்கள், பதினொரு நாள் வார்டில் இருந்தார். உயிரோடு இருக்கிறார், மலைக்கும் போகிறார். பதினொரு நாள் பேரும், கூட நின்ற கணவரின் பேரும் போயின. அந்த மாதம் அடகுக் கடைக்குப் போன தோடு இன்னும் திரும்பவில்லை.

இதைப் படிப்பவர்கள் இதையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கன்னமோ தாடைக்குக் கீழோ வீக்கம், அதோடு காய்ச்சல், விழுங்கக் கஷ்டம், வாய் திறக்காமை, மூச்சு முட்டல், கண்ணை மூடும் அளவுக்கு வீக்கம் ஆகிய எது வந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரவோ ஞாயிறோ, நேரே பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. சீனி வருத்தக்காரர்கள் சின்ன வீக்கத்தைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பல் வைத்தியம் கூடாது என்பது பழைய கதை. கர்ப்பத்தைச் சொல்லிவிட்டு வைத்தியம் செய்யலாம், சீழோடு இருப்பதுதான் ஆபத்து. விளையாடும்போது பெரிய பிள்ளைக்கு நிலைப்பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் ஒரு கணம் கழுவி, விழுந்த குழியிலேயே திருப்பி வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி, ஒரு மணிக்குள் போனால் அந்தப் பல் பிழைக்க வாய்ப்புண்டு. பால் பல் என்றால் திருப்பி வைக்காதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்குள்! எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பெரிய றோட்டையே பிடிக்க முடிவதில்லை.

யார் பொறுப்பு என்று கேட்டால் பந்து இங்கும் அங்கும் பறக்கிறது. வைத்தியம் அரசாங்கத்தின் வேலை என்கிறது கம்பனி. தோட்டம் கம்பனியின் கையில் என்கிறார்கள் அரசாங்கக் கந்தோரில். 1990களில் தொடங்கிச் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது. மற்றவை கம்பனிக்கும் அரசுக்கும் நடுவில் தொங்குகின்றன. இந்த இழுபறியில் நம்மவர்கள் கோபத்தையெல்லாம் டிஸ்பென்சரியில் இருக்கும் தோட்ட வைத்தியர் மீது காட்டுகிறார்கள். அவரிடம் பல் கழற்றும் ஆயுதமும் இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை. அவரோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் காலம். தோட்டத்தில் யாருக்கு நோய் என்பதைத் துரை அறிந்து வைத்திருக்க வேண்டும், கடும் நோயென்றால் வைத்தியம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் அன்றே கடமை விதித்தது. நம் மேல் கொண்ட பாசத்தால் அல்ல, கூலியாள் செத்தால் தேயிலையும் சாகும் என்ற கணக்கால். நூறு வருடத்துக்குப் பிறகு, 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் துரைமார் அந்தக் கணக்கைக்கூடப் போடுவதில்லை.

"நீங்கள் வெத்தலை போடுறீங்க, பிளேன்டீயில சீனியை அள்ளிப் போடுறீங்க, பிறகு பல் போச்சுன்னு அழுவுறீங்க" என்பார்கள். இதில் பாதி உண்மை. மறைக்க மாட்டேன். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய்க்குத்தான் முதலிடம். வெற்றிலையோடு சேரும் புகையிலையும் பாக்கும் அதற்குப் பெரிய காரணம். வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறப்பது வரவரக் குறுகுதல் ஆகியவை இருந்தால் வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும். சங்கத் தலைவர்மார் பலர் மேடை ஏறும் முன்பு வாயைக் கொப்பளிப்பதையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் கொட்டும் மழையில், அட்டைக் கடியில், காலையில் ஒரு துண்டு ரொட்டியோடு மலைக்குப் போகிறவருக்குப் பசியை அடக்க வெற்றிலையைக் கொடுத்தது எந்த வாழ்க்கை? அதோடு, குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் காலை முறித்துக்கொண்ட கனவானை எந்த ஆஸ்பத்திரியும் "நீயே தேடிக்கொண்டாய்" என்று திருப்பி அனுப்புவதில்லையே.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பார்க்கப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் என்று இந்த நாட்டில் ஒரு சேவையே இருக்கிறது. 1950களில் இருந்து மகரகமவில் அவர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். நல்ல சேவை. டவுன் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்த மிஸ்ஸைத் தெரியும் என்பார்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரிவது கடைசி மேசையில் கன்னத்தைக் குளிர்ந்த சுவரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பல் வலிக்கும் பிள்ளை பாடத்தைக் கேட்காது, சோறும் தின்னாது. பரீட்சை முடிவு வந்ததும் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று எழுதுகிறார்கள்.

தேர்தல் நெருங்கினால் மட்டும் "இலவசப் பல் முகாம்" வரும். பந்தல், பதாகை, தலைவர்களின் பெரிய படம். பிள்ளைக்கு ஒரு பிரஷ் கொடுத்து ஒரு ஃபோட்டோ. பெரியவர்களுக்கு ஒரே வைத்தியம், கழற்றுவது. அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல்லையும் கழற்றிவிட்டுப் போகிறார்கள், மறுபடி வரப்போவதில்லை என்று அவர்களுக்கே தெரியும். வேர் சிகிச்சை வேண்டுமென்றால் பேராதனை பல் போதனா வைத்தியசாலை வரை போக வேண்டியவர்கள் நாம். ஒரு தடவையில் முடிகிற வேலையும் அல்ல அது. முப்பது வயதில் முன்பல் இல்லாமல் வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண்கள் நம் லயத்தில் எத்தனை பேர்?

மொழிக் கஷ்டம் தனி. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. எந்தப் பல் வலிக்கிறது என்று தமிழில் சொல்லிப் புரியவைக்க முடியாமல் விரலால் காட்டிவிட்டு வருகிற அம்மாமார் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, என்ன கேட்கிறோம்? பல் கிளினிக் துண்டைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேர் முழுதாக விழ வேண்டும். முகம் வீங்கிய நோயாளிக்குத் தோட்டத்து வாகனத்தை எந்த நேரத்திலும் அனுப்பும் அதிகாரம் தோட்ட வைத்தியருக்கு எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும், சாவி தோட்டத்துக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் கம்பனிக்கு. இதனால் எந்தக் கம்பனியும் திவாலாகாது. சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பது: மாதத்தில் குறித்த ஒரு திகதியில், தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நடமாடும் பல் வைத்தியப் பிரிவு டிவிசனுக்கு வர வேண்டும்; கழற்றுவதற்கு மட்டுமல்ல, அடைப்பதற்கும். தூரத் தோட்டங்களில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு கிளினிக்கில் சில நம்பர்களை ஒதுக்கி வைக்க வேண்டும். பாடசாலைப் பல் சிகிச்சையாளர் தோட்டப் பாடசாலைகளுக்கும் தவணை தவறாமல் வர வேண்டும்.

இதை முதலில் சங்கத்துக்குள்ளேயே வெல்ல வேண்டியிருக்கிறது. தோட்டக் கமிட்டியின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தகரம், தண்ணீர்க் குழாய், றோட்டு, கோயில் திருவிழா எல்லாம் இருக்கிறது. பல் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. மாதாமாதம் சந்தா பிடிக்கிறோம். அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்குப் போகிற தலைவர்கள் இந்தக் கோரிக்கையைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டாமல் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே வைக்க வேண்டும். இதுவும் சம்பளம்தான், அந்த இரண்டு நாள் சம்பளம் யாருடைய பணம்?

மகஜர் தயாராகிவிட்டது. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் கையெழுத்து வாங்குகிறோம். கடந்த ஒரு வருடத்தில் பல் வலியால் எத்தனை பேர் இழந்தீர்கள், டவுனுக்கு எத்தனை தரம் அலைந்தீர்கள், எவ்வளவு செலவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், என் மாணவர்கள் எழுதித் தருவார்கள். மலையில் வேலை இருப்பவர்கள் மாதர் சங்கத் தலைவியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.