எடையால் வகுக்கப்படாத பிடிவலிமை

நடுவயதினர், முதியோர் ஆகியோரின் தசை வலிமைக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றினாலும், அம்முரணில் பெரும்பங்கு அளவிடும் முறையிலிருந்தே பிறக்கிறது. பிடிவலிமைமானியாகிய டைனமோமீட்டரில் பதிவாகும் கிலோ அளவை அப்படியே எடுத்துக்கொண்டால், பருத்த உடலினர் பெரும்பாலும் கூடுதல் வலிமை காட்டுவர். அவர்களுக்கே இரத்த அழுத்தமும் மிகுந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், வலிமை கூடக் கூட அழுத்தமும், குறிப்பாக விரிவழுத்தம், கூடுவதாகச் சில தரவுகள் காட்டிவிடுகின்றன. அதே அளவை உடல் எடையால் வகுத்துச் சார்பு வலிமையாகக் கொள்ளும்போது, வலிமை குறைந்தோரிடமே உயர் இரத்த அழுத்தம் மிகுந்து காணப்படுகிறது.

மருத்துவமனையில் இதன் விளைவு சிறிதன்று. தசைநலிவு நோயாகிய சார்கோபீனியாவுக்கான ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த எல்லை, ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. இதில் எடை கணக்கில் வருவதில்லை. ஆகவே 80 கிலோ எடையும் 32 கிலோ பிடிவலிமையும் கொண்ட ஆண் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். ஆனால் அவருடைய சார்பு வலிமை 0.40 மட்டுமே, 56 கிலோ எடையோடு எல்லைக்கோட்டிலேயே நிற்பவருக்கோ அது 0.50. கவனிப்பு யாருக்கு மிகுதியும் தேவையோ அவரே இவ்வாறு கண்ணில் படாமல் போகிறார். எனினும் வகுத்தலும் குறையற்றதன்று. எடை வகுஎண்ணாக அமைவதால் உடற்பருமனின் தீங்கே தசையின் பெயரில் வெளிப்படலாம். இரு அளவுகளையும், இடுப்புச் சுற்றளவைச் சேர்த்துக் கணக்கிட்ட முடிவையும், ஆய்வாளர் ஒருசேரத் தருவதே நேர்மையான வழி.

17 நாடுகளில் 35 முதல் 70 வயதினரிடம் நடந்து 2015இல் வெளியான ப்யூர் ஆய்வு, பிடிவலிமை 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு உயர்வதையும், இறப்பை முன்னறிவதில் அது சுருங்கழுத்தத்தை விஞ்சுவதையும் காட்டியது. அது இறப்பைப் பற்றிய முடிவு; உயர் இரத்த அழுத்தத்தின் தோற்றத்துக்குச் சான்றாக அதை எடுத்தாள்வது பொருந்தாது. இன்சுலின் தூண்டலால் குளுக்கோசை உட்கொள்வதில் தசையே முதன்மையானது என்பதால், அது நலியும்போது இன்சுலின் எதிர்ப்பும், அதன் வழியே சிறுநீரகச் சோடியத் தேக்கமும், பரிவு நரம்பு மண்டலத்தின் கிளர்ச்சியும் கூடுவது ஏற்கத்தக்க விளக்கமே. ஆயினும் நோயுற்றவர் உழைப்பைக் குறைப்பதால் வலிமை இழக்கும் மறுதிசையையும் தள்ளிவிட இயலாது.

காரணம் முற்றும் தெளியும்வரை பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. 270 சோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளியான பகுப்பாய்வில், தசையின் நீளம் மாறாமல் இறுக்கத்தை மட்டும் நிலைநிறுத்தும் ஐசோமெட்ரிக் பயிற்சி சுருங்கழுத்தத்தை ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசமும், பளுப் பயிற்சியும் காற்றுயிர்ப் பயிற்சியும் தனித்தனியே 4.5 மி.மீ. அளவும் குறைத்தன. உச்ச வலிமையில் 30 விழுக்காட்டளவு இறுக்கம், இரண்டு நிமிடமாக நான்கு முறை, இடையிடையே ஓய்வு, வாரம் மூன்று நாள் என்பது ஐசோமெட்ரிக் பயிற்சியின் வழக்கமான முறை. மூச்சை அடக்குவது மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கத்தக்கது: மிகுபளுவை இரு கால்களாலும் உந்திய உடற்கட்டுப் பயிற்சியாளர்களிடம் சராசரி 320/250 மி.மீ. வரை தமனி அழுத்தம் ஏறியதை 1985ஆம் ஆண்டு அளவீடுகள் பதிவு செய்துள்ளன. கட்டுக்குள் வராத அழுத்தமுடையோருக்கு மருந்தால் அதைத் தணித்த பின்னரே, இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில், பயிற்சியைத் தொடங்குவது தக்கது.