ஏந்திய கரமும் எடுத்துரைத்த நாவும்

விளையாட்டை நம்பி வாழ்வோரின் தொழிற்காலம் மிகக் குறுகியது. அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் முப்பது வயதில்தான் பணியின் நுணுக்கங்களைக் கற்றுத் தேறத் தொடங்குகின்றோம். விளையாட்டு வீரனோ அவ்வயதில் விடைபெற்று வெளியேறுகின்றான். எஞ்சிய ஆயுளில் அவன் என் செய்வான் என்னும் வினா, பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பலாமா, புத்தகத்தோடு அமர்த்தலாமா என்று தயங்கும் பெற்றோர் அனைவருக்கும் உரியது. அதற்கு ஒரு விடையாக, அமெரிக்க நாட்டுக் கிரிஸ் காலின்ஸ்வொர்த் என்பவரின் வரலாற்றை இத்திங்கள் நோக்குவோம்.

முதற்கண் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. அமெரிக்கர் 'ஃபுட்பால்' என வழங்குவது நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் பெரும்பாலும் ஆடப்படுவது அது. திடலின் நீளம் 100 கெஜம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமேனும் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணியின் வசமாகும். பந்தை எறிபவர் 'குவார்ட்டர்பேக்'; எறிந்ததை ஓடிச்சென்று பிடிப்பவர் 'ரிசீவர்'. ரிசீவர் என்றதும் தொலைபேசியில் காதோடு வைக்கும் பகுதிதான் நமக்கு நினைவு வரும். அதுவும் பொருத்தமே. பிறர் அனுப்புவதைத் தவறவிடாது வாங்கிக்கொள்வதே இரண்டின் கடமையும். ஆனால் திடலில் நிற்கும் ரிசீவர், தம்மை வீழ்த்தவென்றே ஒருவர் பாய்ந்து வருகையில் அதைச் செய்தாக வேண்டும்.

காலின்ஸ்வொர்த் 1959-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்து, ஃபிளாரிடாவில் வளர்ந்தவர். ஃபிளாரிடா பல்கலைக்கழக அணியில் பந்தெறிபவராகவே அவர் புகுந்தார். 1977-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடுகையில் அவர் எறிந்த பந்து ஒன்று, தோழரின் கைப்பட்டு 99 கெஜ ஓட்டமாக முடிந்து புள்ளி பெற்றது. அத்துணைச் சிறப்பாகத் தொடங்கியவரைப் பின்னர் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாற்றினர். எறியும் கை ஏந்தும் கையாயிற்று. பதவி மாற்றத்தைத் தண்டனையாகக் கருதுவோர் பலர். அவருக்கோ அதுவே பிழைப்பைத் தேடித் தந்தது.

1981-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதலாண்டிலேயே 67 முறை பந்தைப் பிடித்து 1,009 கெஜம் சேர்த்தார். எட்டாண்டுகளில் அவருடைய மொத்தக் கணக்கு 417 பிடிகள், 6,698 கெஜம். ஆயினும் 'சூப்பர் பௌல்' எனப்படும் இறுதிப் போட்டி அவருக்கு இருமுறையும் இரங்கவில்லை.

முதலாவது, 1982 சனவரி 24-ஆம் நாள். எதிரே சான்பிரான்சிஸ்கோ அணி. காலின்ஸ்வொர்த் பிடித்த பந்து ஒன்றை எதிராளி தட்டிப் பறிக்க, அது சான்பிரான்சிஸ்கோவின் வசமாயிற்று. அவர்கள் அங்கிருந்து 92 கெஜம் கடந்து புள்ளி பெற்றனர். பெங்கால்ஸ் 21-26 என்று தோற்றது. இரண்டாவது, 1989 சனவரி 22-ஆம் நாள். எதிரணி அதுவே. ஆட்டம் முடிய 34 விநாடியே இருக்கையில் சான்பிரான்சிஸ்கோ வெற்றிப் புள்ளியை அடைந்தது. அன்றும் அவர்கள் கடந்து வந்த தொலைவு 92 கெஜமே! 16-20 என்று மீண்டும் தோல்வி. முப்பது வயது நிறைய ஐந்து நாள் இருந்த காலின்ஸ்வொர்த்துக்கு அதுவே கடைசிப் போட்டியாயிற்று.

இனித்தான் நாம் கருதத்தக்க பகுதி. பழைய புகழைக் காட்டி அவர் உயர்ந்த இருக்கை எதனையும் கேட்கவில்லை. சின்சினாட்டி வானொலியில், அதே அணியில் முன்னர் ஆடிய பாப் டிரம்பி நடத்திவந்த நிகழ்ச்சியில், அவர் வராத நாட்களில் பதிலாளாக அமர்ந்து பேசத் தொடங்கினார். 1990-இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் இடம் கிடைத்தது. அதற்கிடையே சட்டமும் பயின்று, 1991-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஒரு கதவு திறந்த பின்னும் மறுகதவைத் தட்டுவதை நிறுத்தாத அம்முன்யோசனையை நம் இளைஞர் கவனிக்க வேண்டும்.

அந்நாட்டு வர்ணனையில் இருவர் அமர்வர். என்ன நடந்தது என்பதை ஒருவர் சொல்வார். ஏன் நடந்தது என்பதை மற்றவர் விளக்குவார். காலின்ஸ்வொர்த்தின் பணி இரண்டாவது. ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் சில விநாடிகளுக்குள் காரணத்தைக் கண்டு, அதனை எளிய சொல்லால் கூறி, வாய் மூடவும் வேண்டும். எதிரணி நிற்கும் நிலையை ஒரே பார்வையில் படித்து, ஓடும் வழியைத் தீர்மானித்துப் பழகிய ரிசீவருக்கு அக்கண் உண்டு. பயிற்சியாளராகவும் வர்ணனையாளராகவும் பெரும்புகழ் பெற்ற ஜான் மேடன் 2009-இல் ஓய்வு பெற்றபோது, என்.பி.சி.யின் ஞாயிறு இரவு ஆட்டங்களில் அவ்விடம் காலின்ஸ்வொர்த்துக்கே கிட்டிற்று.

2022 பிப்ரவரி 13-ஆம் நாள், அவருடைய பழைய பெங்கால்ஸ், 1989-க்குப் பின் முதன்முறையாக இறுதிப் போட்டியில் இறங்கியது. அதனை நாட்டுக்கு எடுத்துரைத்த இருவருள் ஒருவர் காலின்ஸ்வொர்த். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடமும் இல்லாத வேளையில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி முந்தியது. பெங்கால்ஸ் 20-23 என்று தோற்றது. 5 புள்ளி, 4 புள்ளி, 3 புள்ளி என மூன்று இறுதிப் போட்டிகளும் கைநழுவின. இரண்டில் அவர் வியர்வை சிந்தினார். மூன்றாவதில் அவர் கையில் பந்தில்லை. எவர் பக்கமும் சாயாது காரணம் கூறும் கடமையே இருந்தது. தாம் பட்ட தோல்வியை உள்ளே வைத்துக்கொண்டு, பிறர் வெற்றியை நேர்மையோடு எடுத்துரைப்பது பந்து பிடிப்பதினும் அரிய ஆற்றல் அன்றோ?

ஓய்வு பெறும் வீரர் எல்லோருக்கும் ஒலிபெருக்கி காத்திருப்பதில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. இருக்கைகள் சிலவே, வீரரோ பலர். ஆதலின் பிள்ளை ஆடட்டும், நன்றாகவே ஆடட்டும். ஆடும்போது எதைக் கண்டான், ஏன் தோற்றான் என்பதை வீட்டுக்கு வந்து தெளிவாகச் சொல்லவும் அவனைப் பழக்குவோம். கால்கள் ஓய்ந்த பின்னும் அவனோடு வருவன கூர்ந்த பார்வையும் திருந்திய சொல்லுமேயாம்.